வெள்ளைச் சட்டை, ரெண்டு செல்போன், ஒரு புரோக்கர்

ஆடிட் முடிந்து இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். ரியல் எஸ்டேட் தொழிலில் இருக்கும் நண்பர்கள் முழுசாகப் படித்துவிட்டு, அதற்கப்புறம் ஆட்டோ அனுப்பவும் :-)

மேட்டர் இதுதான். இந்த வருஷம் மட்டும் எனக்குத் தெரிந்த மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அண்ணே, வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயி ரியல் எஸ்டேட் பண்ணலாம்னு இருக்கேன். என்ன நினைக்கிறீங்க?" ஒருத்தர் ஏசி மெக்கானிக், ஒருத்தர் அக்கவுண்டன்ட், ஒருத்தர் பன்னிரண்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர். மூன்று பேரும் தேனி, போடி, எங்கள் மலைப்பக்கத்து ஆட்கள். மூன்று பேர் போனிலும் ஒரே மாதிரி வீடியோ. முதலீடே இல்லாத தொழிலாம். செல்போன்தான் ஆபீஸாம். மாதம் லட்ச ரூபாயாம்.

முதலீடே இல்லாத தொழில் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. யாரோ ஒருத்தர் போட்டே ஆக வேண்டும். இந்தத் தொழிலில் அதைப் போடுவது புரோக்கரை நம்பி வருகிற ஆள். அவன் பதினைந்து வருஷம் வெயிலில் நின்று சேர்த்த காசுதான் நீங்கள் சொல்லும் அந்த முதலீடு. அதனால் என் கட்சி இது: படிக்காமல், பதியாமல், பொறுப்பேற்காமல் யாரும் நிலத்தரகு செய்யக் கூடாது. சட்டம் அதை அனுமதிப்பது தப்பு. "சைடு பிசினஸ்" என்று நாம் அதைச் சிரித்துக்கொண்டே ஊக்குவிப்பது அதைவிடப் பெரிய தப்பு.

"நீ யாருய்யா இதைச் சொல்ல?" நியாயமான கேள்வி. நான் பி.காம் படித்த பேங்க் ஆபீசர். போடி சி.பி.ஏ. காலேஜில் படித்தேன், ஊரில் சில வருஷம் பேங்க் வேலை, இப்போது இங்கே அமீரகத்தில், குடியிருப்பு ஷார்ஜா. பாதி சர்வீஸ் கடன் பிரிவில் போயிருக்கிறது. புரோக்கர் நிலத்தைக் காட்டுவார், நாங்கள் பேப்பரைப் பார்ப்போம். புரோக்கர் காட்டிய நிலமும் பேப்பரில் இருக்கும் நிலமும் ஒன்றாக இல்லாத கதைகள் நிறையப் பார்த்தாச்சு. சொந்த ஊர் சூரியநெல்லி. நிலம் என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் கிடையாது.

எங்கள் ஊர் நிலம்

தெரியாதவர்களுக்கு: மூணாறிலிருந்து போடிமெட்டுக்கு வரும் ரோட்டில், சின்னக்கானல் பக்கம் திரும்பினால் சூரியநெல்லி. இடுக்கி மாவட்டம். கொழுக்குமலைக்கு ஜீப் கிளம்புவது எங்கள் ஊரிலிருந்துதான். ஜீப் ஏறுவது கேரளம், போய் நிற்கும் மலை தேனி மாவட்டம். தேயிலை பாதி, ஏலம் பாதி. பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். நிலத்துக்கான சொற்களும் அப்படித்தான்: ஆதாரம், முன்னாதாரம், போக்குவரவு, குடிக்கடம், கைவசச் சர்டிபிகேட். இந்த ஐந்துக்கும் அர்த்தம் சொல்லத் தெரியாத ஒருவர் எங்கள் ஊரில் நிலம் விற்றுக் கொடுக்கிறேன் என்று கிளம்பினால், மருந்துப் பெயர் வாசிக்கத் தெரியாமல் மெடிக்கல் ஷாப் வைத்த கதைதான்.

இந்த மலையில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஏக்கர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று, 1964-ஆம் வருஷத்து நிலப் பதிவு விதிகளின்படி அரசாங்கம் பதித்துக் கொடுத்த பட்டா. அடுத்தது ஏலமலைக் காட்டுப் பகுதியில் குத்தகப்பாட்டம், அதாவது ஏலம் பயிரிட மட்டும் கொடுத்த குத்தகை. இன்னொன்று கம்பெனி எஸ்டேட். இன்னொன்று எந்தப் பேப்பரும் இல்லாத வெறும் கைவசம். நாலிலும் ஏலச்செடி ஒரே பச்சைதான். போட்டோவில் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிந்த நாட்களை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

2007-இல் அச்சுதானந்தன் முதலமைச்சராக இருந்தபோது மூணாறு ஆக்கிரமிப்புகளை இடிக்க ஜேசிபி வந்தது. டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2010-இல் கேரள உயர்நீதிமன்றம், மூணாறு பகுதியில் வருவாய்த்துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டடம் கட்டக் கூடாது என்றது. 2017 ஏப்ரலில் எங்கள் ஊருக்கு மேலே பாப்பாத்திச்சோலையில் அரசு நிலத்தில் நட்டிருந்த பெரிய சிலுவையை வருவாய்த்துறை அகற்றியது, கேரளமே இரண்டு பட்டது. 2019-இல், பட்டா எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டும்தான் கட்டட அனுமதி என்று இடுக்கிக்கு அரசு உத்தரவு வந்தது. 2022 ஜனவரியில், பக்கத்துத் தேவிகுளம் தாலுகாவில் 1999-இல் கொடுக்கப்பட்ட 530 பட்டாக்களை, "ரவீந்திரன் பட்டா" என்று ஊரே பெயர் வைத்த பட்டாக்களை, ரத்து செய்ய அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில், நீதிமன்றம் சொல்லிப் பூப்பாறையில் பன்னியாற்றை ஒட்டிய கட்டடங்களைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் ஏலமலைக் காட்டுப் பகுதியில் புதிதாகப் பட்டா கொடுப்பதை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

நடுவில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பழைய மீறல்களை முறைப்படுத்தவும், பதித்துக் கொடுத்த நிலத்தை வேறு உபயோகத்துக்கு அனுமதிக்கவும் அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் திருத்தம் 2023 செப்டம்பரில் கேரள சட்டசபையில் நிறைவேறி, 2024-இல் கவர்னர் ஒப்புதலும் வந்தது. உடனே வாட்ஸ்அப்பில் "எல்லாம் கிளியர் ஆயிருச்சு" என்று கிளம்பிவிட்டார்கள். அரசுக்கு அதிகாரம் வந்ததற்கும் உங்கள் சர்வே நம்பருக்கு உத்தரவு வந்ததற்கும் நடுவில் எத்தனை படி இருக்கிறது என்று அந்த மெசேஜில் ஒரு வரி கிடையாது.

ஒரு விளம்பரம், நாலு பொய்

எங்கள் பக்கத்து வளைகுடா குரூப்புகளில் சுற்றும் ஒரு மாதிரி விளம்பரம்: "4 ஏக்கர் ஏலத்தோட்டம். பட்டா கிளியர். ரிசார்ட் கட்டலாம். அருமையான வியூ. என்.ஆர்.ஐ.க்களுக்கு முன்னுரிமை." ஆள் பெயர், ஊர் பெயர் மாறும், வாசகம் மாறாது. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

1) "என்.ஆர்.ஐ.க்களுக்கு முன்னுரிமை." அந்நியச் செலாவணிச் சட்டம் ஃபெமாவின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் ஊரில் வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றும் வாங்க முடியாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆக, "முன்னுரிமை" என்று யாரைக் கூப்பிடுகிறாரோ அவர்களால்தான் அதை வாங்கவே முடியாது! எத்தனை பேருக்கு இது தெரியும்? விற்பவருக்குத் தெரியுமா?

"அப்பா பேர்ல வாங்கிக்கலாம் தம்பி" என்று பதில் தயாராக இருக்கும். காசு உன்னுடையது, அனுபவிக்கப் போவதும் நீ, பெயர் மட்டும் அப்பா என்றால், அது 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமி சட்டம் பேசும் விஷயம். இல்லை, காசை அப்பாவுக்கே உண்மையாகக் கொடுத்துவிட்டாய் என்றால் அது அப்பா சொத்து. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோருக்கும் பங்கு உண்டு. இரண்டில் எது என்று கையெழுத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியவர் புரோக்கர். கையெழுத்துக்கு அப்புறம் சொல்பவர் வக்கீல்.

2) "பட்டா கிளியர்." எந்தப் பட்டா? யார் கொடுத்தது, எந்த வருஷம், எதற்கு? விவசாயத்துக்கா, வீட்டுக்கா? கொடுத்த அதிகாரிக்கு அந்த அதிகாரம் இருந்ததா? 530 பேர் கையிலும் பேப்பர் இருக்கத்தான் செய்தது. சீல் இருந்தது, கையெழுத்து இருந்தது.

3) "ரிசார்ட் கட்டலாம்." மேலே எழுதிய வருஷங்களை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

4) "அருமையான வியூ." அதில் சந்தேகமே இல்லை. ஆனையிறங்கல் என்ற பெயரைக் கேட்டாலே அங்கே யார் முதலில் குடியிருந்தது என்று தெரியும். 2000-களின் தொடக்கத்தில் நிலமில்லாத ஆதிவாசிக் குடும்பங்களுக்குச் சின்னக்கானலில் அரசாங்கம் இடம் கொடுத்தது, 301 காலனி என்று பெயர். யானை நடக்கிற வழியில் கொடுத்தார்கள். பாதுகாப்பு இல்லாமல் பல குடும்பங்கள் விட்டுவிட்டுப் போய்விட்டன. அரிசிக்கொம்பன் கதை உலகத்துக்கே தெரியும். 2023 ஏப்ரல் 29-இல் சின்னக்கானலில் பிடித்தார்கள், பெரியாறு காட்டில் விட்டார்கள், அது மே கடைசியில் கம்பம் டவுனுக்குள் வந்து நின்றது, ஜூன் 5-இல் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனது. யானை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு எந்த ஏஜெண்டும் வேலி எங்கே என்று காட்டவில்லை. உங்களுக்கும் காட்டப் போவதில்லை.

ஒரு ஏலக்காய்க் கணக்கும் இருக்கிறது. 2018 வெள்ளத்தில் செடி அழிந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையை வைத்துத் தோட்டத்துக்கு விலை சொன்ன புரோக்கர்கள் ஏராளம். மூன்று வருஷத்தில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. விலை ஏறின வருஷத்தைக் காட்டித் தோட்டம் விற்பது, ஆடிப்பெருக்கு வெள்ளத்தைக் காட்டி ஆற்றங்கரை நிலம் விற்பது மாதிரி.

என் சொந்தத்தில் ஒருத்தர், மஸ்கட்டில் பதினாறு வருஷம் உழைத்தவர், எங்கள் பக்கம் பன்னிரண்டு சென்ட் வாங்கினார். வீடு கட்டப் போனபோதுதான் அந்த நிலம் விவசாயத்துக்குப் பதித்துக் கொடுத்தது என்று வில்லேஜ் ஆபீஸில் சொன்னார்கள். சான்று கிடைக்கவில்லை. வீடு இல்லை. விற்கப் போனால் வாங்க வருபவன் அதே கேள்வியைக் கேட்கிறான். பெண் கல்யாணத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கினார். விற்றுக் கொடுத்த புரோக்கர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர். அவர் மேல் வழக்குப் போட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. பத்திரத்தில் அவர் பெயர் இல்லை, சாட்சியாகக்கூட இல்லை. சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு ஆளே அந்த வியாபாரத்தில் இல்லை!

இங்கே எப்படி, அங்கே எப்படி

இப்போது நான் இருக்கும் இடத்துக்கு வருவோம். துபாயில் 2006-லேயே தரகர்களுக்கென்று தனி விதி வந்துவிட்டது, அடுத்த வருஷம் ரெரா என்ற ஒழுங்குமுறை அமைப்பு வந்தது. தரகு செய்ய வேண்டுமானால் வகுப்பில் உட்கார வேண்டும், தேர்வு எழுத வேண்டும், போலீஸ் நன்னடத்தைச் சான்று வேண்டும், அப்புறம்தான் அட்டை. விற்பவரோடு ஒரு படிவம், வாங்குபவரோடு ஒரு படிவம், இருவருக்கும் நடுவில் ஒரு படிவம். விளம்பரம் போடுவதற்கே அனுமதி எண் வேண்டும்.

சிங்கப்பூர் மக்களுக்குத் தெரியும், அங்கே 2010-இலிருந்து சி.இ.ஏ. இருக்கிறது. ஏஜெண்டின் போன் நம்பரைப் போட்டுப் பார்த்தாலே பதிவு உண்டா இல்லையா என்று காட்டிவிடும். ஒரே ஆள் இரண்டு பக்கத்துக்கும் ஏஜெண்டாக இருக்கக் கூடாது. வீடு வாங்குகிற, விற்கிற பணத்தைக் கையில் தொடவே கூடாது.

இங்கேயும் அங்கேயும் ஏமாற்றுவேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் ஏமாற்றியவனுக்கு இழப்பதற்கு ஒரு அட்டை இருக்கிறது. என்னைக் கேள்வி கேட்ட மூன்று பேரில் ஒருத்தரும் துபாயில் தரகு செய்வதைப் பற்றி யோசிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதுக்கு பரீட்சை எல்லாம் எழுதணுமேண்ணே." பார்த்தீர்களா! பரீட்சை எழுத வேண்டிய ஊரில் வேண்டாம், சொந்த ஜனத்தின் காசில் கை வைக்கும் ஊரில் போதும்.

இந்தியாவில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அங்கேயும் சுருக்கமாக ரெரா. ஏஜெண்ட் பதிவு செய்ய வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், பொய் வாக்குறுதி கொடுக்கக் கூடாது. பதியாமல் செய்தால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய், சொத்தின் மதிப்பில் ஐந்து சதவீதம் வரை அபராதம். தமிழ்நாட்டில் 2017-இலும், கேரளத்தில் 2020-இலும் ஆணையம் வேலை செய்யத் தொடங்கியது. நல்ல சட்டம்தான்.

ஓட்டை எங்கே? அந்தப் பதிவு, ஒரு நிறுவனம் மனை பிரித்தோ அடுக்குமாடி கட்டியோ விற்கிற திட்டங்களுக்குத்தான். அதிலும் 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலம், எட்டு வீட்டுக்கு உட்பட்ட கட்டடம் என்றால் திட்டத்துக்கே பதிவு வேண்டாம். உங்கள் சித்தப்பாவின் பழைய வீட்டை, பக்கத்து ஊர்க்காரரின் இருபது சென்டை, எங்கள் மலையின் ஏலத்தோட்டத்தை விற்றுக் கொடுக்கும் ஆளுக்கு அந்தச் சட்டத்தில் எந்தப் பதிவும் இல்லை. நம் ஜனங்களின் காசு அதிகமாகப் போவது இந்த மாதிரி வியாபாரத்தில்தான்.

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. மகாராஷ்டிராவில் 2023-இலிருந்து ஏஜெண்டுகளுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதைக் கொண்டு வர வேண்டும். கொண்டு வரும்போது மறுவிற்பனைக்கும் தனி நிலத்துக்கும் சேர்த்துக் கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பத்திரத்திலும் புரோக்கர் பெயர், பதிவு எண், வாங்கிய கமிஷன் மூன்றும் எழுதப்பட வேண்டும். கேட்பது இவ்வளவுதான்.

"எளியவன் பிழைப்பைக் கெடுக்காதே"

இது உடனே வரும் எதிர்ப்பு. ஊரில் ஜீப் ஓட்டிக்கொண்டே ஒன்றிரண்டு இடம் கைகாட்டிவிடுகிற அண்ணன் இருக்கிறார், டீக்கடையில் உட்கார்ந்து வீடு பிடித்துக் கொடுக்கும் பெரியவர் இருக்கிறார், அவர்கள் வயிற்றில் அடிக்கலாமா என்பார்கள்.

அந்த ஜீப் அண்ணனுக்கு எந்த நிலத்தில் எந்த வழக்கு, எந்த வழியில் யானை, எந்தத் தோட்டக்காரர் எத்தனை பேரிடம் அட்வான்ஸ் வாங்கினார் என்று எல்லாம் தெரியும். தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் வைத்து, கட்டணத்தைக் குறைவாக வைத்தால் அவர் ஒரே தடவையில் பாஸ் ஆகிவிடுவார். அதோடு ஏமாற்றிவிட்டு அவரால் ஊரில் நடமாட முடியாது. நாளைக் காலையில் அதே கடையில் டீ குடித்தாக வேண்டும். அவரை நான் பயப்படவில்லை. மூன்று மாதம் வீடியோ பார்த்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, ரெண்டு செல்போன் வாங்கி, வளைகுடா நண்பர்களின் நம்பிக்கையை மட்டும் மூலதனமாக வைத்து இறங்குகிற நம்மாட்களைத்தான் பயப்படுகிறேன். ஜீப் அண்ணன் நிலத்தை அறிந்தவர். நம்மாளு ஆட்களை மட்டும் அறிந்தவர்.

அடுத்த எதிர்ப்பு: "வாங்குறவன் மட்டும் யோக்கியமா?" இல்லை. இதை நம்மையே பார்த்துச் சொல்கிறேன். கேரளத்தில் முத்திரைக்கு எட்டும் பதிவுக்கு இரண்டும் சேர்ந்து பத்து சதவீதம் போகிறது என்று, பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துப் போடச் சொல்வது யார்? நாம். பாதியை வெள்ளையாகவும் பாதியைக் கறுப்பாகவும் வாங்கித் தரும் புரோக்கர்தான் "கெட்டிக்காரர்" என்று பெயர் வாங்குகிறார். சட்டத்தை வளைக்கத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துவிட்டு, அவர் நம்மையும் வளைத்துவிட்டார் என்று அழுவதில் என்ன நியாயம்? 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோது, தமிழ்நாடு முழுக்க மனை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். விலை குறைவு என்று தெரிந்தேதான் பலர் வாங்கியிருந்தார்கள். ஏன் குறைவு என்று கேட்கவில்லை.

சரி, வந்தே தீருவேன் என்கிறவர்களுக்கு

தரகுத் தொழில் கேவலமானது என்று நான் சொல்லவே இல்லை. நல்ல தரகர் ஒரு குடும்பத்துக்கு நல்ல டாக்டர் மாதிரி. அப்படி ஆக ஆசை இருந்தால் தாராளமாக வாருங்கள். முதலில் பி.காம் கணக்கு ஒன்று.

போடியில் முப்பது லட்சம் ரூபாய் வீடு ஒன்றை முடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சதவீதம், 60,000 ரூபாய். நடுவில் வீட்டைக் காட்டிய ஒருவர், ஆளைக் காட்டிய ஒருவர், ஆக மூன்று பங்கு. கையில் 20,000. புது ஆள் இரண்டு மாதத்துக்கு ஒன்று முடித்தாலே கெட்டிக்காரர். வருஷத்துக்கு 1,20,000. பெட்ரோல், போன், அலைச்சல் செலவு கழிக்கவும். இதில் மாதம் லட்சம் எங்கே இருக்கிறது? அந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் ஒரே வழி, விலையில் தெரியாமல் ஏற்றி வைத்து நடுவில் எடுப்பது. அந்த வீடியோக்களில் "ஸ்கில்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஊர்த் தமிழில் அதற்கு வேறு பெயர் உண்டு.

யோக்கியமாகச் செய்து பிழைக்க எனக்குத் தெரிந்த வழி:

வேலையை விடுவதற்கு முன் ஒரு வருஷத்துக் குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். பசியில் இருக்கும் புரோக்கரால் உண்மை பேச முடியாது.

ஒரே ஒரு ஏரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். போடியா, போடி மட்டும். ஆறு மாதம் ஒரு வியாபாரமும் செய்யாமல் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸும் வில்லேஜ் ஆபீஸும் அலையுங்கள். நல்ல ஆதார எழுத்தர் ஒருத்தரிடம் உட்கார்ந்து பத்திரம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்து வில்லங்கம் பார்க்கத் தெரியாதவர் வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதோடு நிற்பது நல்லது.

ரெராவில் பதியுங்கள், உங்களுக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும்.

கமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் வாங்குவதானால் இரண்டு பேருக்கும் தெரிந்து வாங்குங்கள். அட்வான்ஸ் பணத்தை உங்கள் கணக்கில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள்.

வெளிநாட்டு ஆளிடம் முதல் கேள்வியாக, "நீங்க எங்க வசிக்கிறீங்க, வாங்குறது வீடா, தோட்டமா?" என்று கேளுங்கள். விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், வாங்குபவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதையும் அட்வான்ஸுக்கு முன்பே சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டு வையுங்கள். அதில் நீங்கள் முடித்த வியாபாரத்தை எழுத வேண்டாம், அதற்கு ரசீது இருக்கும். "வேண்டாம், வாங்காதீங்க" என்று நீங்கள் தடுத்தவற்றை எழுதுங்கள். மூன்று வருஷம் கழித்து அந்த நோட்டில் பெயர் இருக்கும் ஆட்கள் உங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். இந்தத் தொழிலில் நின்று ஜெயித்தவர்களை நான் பார்த்தது அப்படித்தான்.

யாருக்கு இல்லை இந்த நிலம்

ஒரு விஷயம் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனம் வரவில்லை.

எங்கள் மலையில் சென்ட் கணக்கில், ஏக்கர் கணக்கில் பேசுகிறார்கள். ரோடு அகலமானதும் விலை ஏறிவிட்டது என்கிறார்கள். அந்தத் தேயிலையை மூன்று, நாலு தலைமுறையாகப் பறித்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்றும் சொந்தமாக ஒரு சென்ட் இல்லை. வேலையில் இருக்கும் வரை லயத்து வீடு, ரிட்டயர் ஆனால் அதையும் காலி செய்ய வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் "பெம்பிளை ஒருமை" என்று ரோட்டில் உட்கார்ந்தது கூலிக்கும் போனஸுக்கும்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்தார்கள். லயத்து வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்தபோது லயத்தோடு போன உயிர்கள் 70. வேறு இடத்தில் ஒரு வீடு இருந்திருந்தால் பலர் அங்கே படுத்திருக்கவே மாட்டார்கள்.

அந்தக் குடும்பங்களிலிருந்து ஒரு பையன் படித்து, விமானம் ஏறி, பத்து வருஷம் சம்பாதித்து, "அம்மாவுக்கு ஒரு பத்து சென்ட்" என்று கிளம்பி வருகிறான். வம்சத்தில் முதல் நிலம். அவன் முன்னால் முதலில் வந்து நிற்பது நம் புரோக்கர் தம்பி. அவனுக்குத் தப்பான பத்து சென்டை விற்றால், அது ஒரு கமிஷன் கணக்கு மட்டும்தானா? மூன்று தலைமுறை காத்திருந்ததற்குக் கிடைத்த பதில் அது.

என்னிடம் கேட்ட மூன்று பேருக்கும் இதையே சொன்னேன். ஏசி மெக்கானிக் தம்பி மட்டும், "சரிண்ணே, மொதல்ல பத்திரம் படிக்கக் கத்துக்குறேன்" என்றார். அக்கவுண்டன்ட் யோசிக்கிறேன் என்றார். ஸ்டோர் கீப்பர் கோபத்தில் போன் எடுப்பதில்லை. பரவாயில்லை, கோபம் ஆறட்டும். ஆனால் அவரிடமிருந்து உங்களுக்கு "4 ஏக்கர், வியூ சூப்பர்" என்று மெசேஜ் வந்தால், விலையைக் கேட்பதற்கு முன்னால் முன்னாதாரத்தைக் கேளுங்கள். "அப்புறம் அனுப்புறேன்" என்று பதில் வந்தால், காசையும் அப்புறமே அனுப்புங்கள்.